கிளஸ்டரில் எல்லா சர்வரும் ஒரே கான்ஃபிக்கில்தான் ஓடுகின்றனவா? சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

பத்து ரிக்வெஸ்ட் போனால் ஒன்று மட்டும் தோற்கிறது, மறுபடி அனுப்பினால் ஓடிவிடுகிறது, புரோகிராம் கோடை எத்தனை தரம் படித்தாலும் தப்பு தட்டுப்படவில்லை. இந்த மாதிரி புகார் வந்தால் கோடை மூடி வைத்துவிட்டு, ரிக்வெஸ்டுகளைப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நிற்கும் சர்வர்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) மட்டும் வேறு கான்ஃபிக்கில், அதாவது வேறு செட்டிங்குகளில், ஓடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய நைட் கேப்பிடல் நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததைப் பாருங்கள். எட்டு சர்வர்களில் போட வேண்டிய புதிய மென்பொருள் ஏழில் மட்டும் ஏறியது. எட்டாவதில், பல வருடமாக யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய கோடு அப்படியே இருந்தது. புதிய மென்பொருள் அந்தப் பழைய கோடை ஆன், ஆஃப் செய்யும் ஃபிளாகையே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது, அதனால் ஃபிளாகை ஆன் செய்ததும் எட்டாவது சர்வர் மட்டும் கட்டுப்பாடில்லாமல் ஆர்டர்களை அனுப்ப ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடம், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஃபைலை ஒப்பிட்டுவிட்டு கான்ஃபிக்கை ஒப்பிட்டதாக நினைக்காதீர்கள். கான்ஃபிக் மூன்று இடத்தில் இருக்கிறது. டிஸ்க்கில் எழுதியிருப்பது ஒன்று. பல ஃபைல்களையும் டீஃபால்ட்களையும் சேர்த்துப் படித்த பிறகு நிற்கும் மதிப்பு இன்னொன்று. இந்த நிமிடம் ஓடும் ப்ராசஸின் மெமரியில் இருப்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று நம்புவதில்தான் பாதிச் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கீழே சொல்வது லினக்ஸ் சர்வர்களுக்கு. விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் என்றால் பவர்ஷெல்லில் டெஸ்ட்-கிளஸ்டர் என்ற கமாண்டே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்; ஆரக்கிள் ஆர்ஏசி வைத்திருப்பவர்களுக்கு சிஎல்யுவிஎஃப்ஒய் கருவியில் நோட்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடும் பியர் சோதனை இருக்கிறது. கமாண்டின் ஆப்ஷனில் பெரிய எழுத்து முக்கியமான இடங்களில் மட்டும் ‘கேப்பிடல்’ என்று சேர்த்திருக்கிறேன்.

படி 1: எது ஒன்றாக இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது

எடுத்த எடுப்பில் டிஃப் (ஃபைல்களை வரி வரியாக ஒப்பிடும் கமாண்ட்) போட ஓடாதீர்கள். போட்டால் நூற்றுக்கணக்கில் வரி வரும், அதில் எது பிரச்சினை என்று யாருக்கும் தெரியாது, ரெண்டு நாளில் அந்த ரிப்போர்ட்டைத் திறப்பதையே எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். முதலில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள்.

கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டியவை முதலில். நோட்களை ஒரு கிளஸ்டராக இணைக்கும் கோரோசிங்க் பயன்படுத்தினால் அதன் கான்ஃபிக் ஃபைலும், நோட்கள் ஒன்றையொன்று நம்பப் பயன்படும் சாவியான ஆத்கீயும் எல்லா நோடிலும் ஒன்றே. வேலைகளை நோட்களுக்குப் பங்கிடும் ஸ்லர்ம் கிளஸ்டரில் ஸ்லர்ம் கான்ஃபும், அதே மாதிரி சாவியான மஞ்ச் கீயும் அப்படித்தான். ஒரு நோடின் ஸ்லர்ம் கான்ஃப் வேறாக இருந்தால் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) வைத்து அதுவே கண்டுபிடித்து கன்ட்ரோலர் லாகில் சொல்லிவிடும், அந்த வரியைத்தான் பலரும் பார்ப்பதில்லை. எலாஸ்டிக்சர்ச்சில் கிளஸ்டர் பெயர், மைஎஸ்க்யூஎல் ரெப்ளிகேஷனில் டேபிள் பெயரில் சிறிய எழுத்து பெரிய எழுத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்ற லோயர்-கேஸ்-டேபிள்-நேம்ஸ் செட்டிங், இவையெல்லாம் இந்த வகை.

கட்டாயம் வேறாக இருக்க வேண்டியவையும் இருக்கின்றன, இவற்றைச் சரிபார்க்கத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் சர்வர் ஐடி, அதன் ஆட்டோ டாட் சிஎன்எஃப் ஃபைலில் இருக்கும் யுயுஐடி, காஃப்காவின் புரோக்கர் ஐடி, ஸூகீப்பரின் மைஐடி, லினக்ஸின் மெஷின்-ஐடி. ஒரு விர்ச்சுவல் மெஷினை அப்படியே க்ளோன் செய்து புது நோட் உருவாக்கினால் இதெல்லாம் சேர்ந்து நகலாகிவிடும். லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி முகவரி தரும் டிஎச்சிபி சர்வரிடம் தன்னை அடையாளம் காட்ட மெஷின்-ஐடியிலிருந்துதான் அடையாளம் எடுக்கிறது, ஆகவே இரண்டு க்ளோன்களுக்கு ஒரே ஐபி போய்ச் சேரலாம். இரண்டும் நூறு சதம் ஒன்றாக இருப்பதுதான் இங்கே கோளாறு.

மூன்றாவது வகை, ஒன்றாகவும் இருக்க வேண்டாம், இஷ்டத்துக்கும் இருக்கக் கூடாது. ஒரு கணக்குக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒரு நோட் விழுந்தால் அதன் ஐபியை இன்னொன்றுக்கு மாற்றும் கீப்அலைவ்டியில் விர்ச்சுவல் ரௌட்டர் ஐடி எல்லாவற்றிலும் ஒன்று, ப்ரையாரிட்டி மட்டும் நோடுக்கு நோட் வேறு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஹாட் ஸ்டாண்ட்பையில் (முதன்மைச் சர்வரான ப்ரைமரியின் நகலாக ஓடும் சர்வரில்) மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ், மேக்ஸ் வொர்க்கர் ப்ராசஸஸ், மேக்ஸ் வால் செண்டர்ஸ், மேக்ஸ் ப்ரிபேர்ட் டிரான்சாக்‌ஷன்ஸ், மேக்ஸ் லாக்ஸ் பெர் டிரான்சாக்‌ஷன் இந்த ஐந்தும் ப்ரைமரியில் இருப்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். குறைந்தால் ஸ்டாண்ட்பை ரிகவரி அங்கேயே நின்றுவிடும். வெறும் டிஃப் இந்த வகையை ஒழுங்காகப் பிடிக்காது, இதற்குத் தனியாக விதி எழுதத்தான் வேண்டும்.

எல்லா நோடும் ஒரே வேலை செய்வதில்லை என்பதையும் மறக்காதீர்கள். டேட்டாபேஸ் நோடை வெப் நோடோடு ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை. ரோல் வாரியாகப் பிரித்து, ஒரு ரோலுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 2: சேகரிப்பு

ஒவ்வொரு நோடாக எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து லாகின் செய்யும் வழி) போட்டுப் பார்க்கும் பழக்கம் மூன்று சர்வர் வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் பிடிஎஸ்எச் அல்லது கிளஸ்டர்ஷெல்லின் கிளஷ் பயன்படுத்துங்கள். இவற்றின் உண்மையான மதிப்பு எல்லா நோடிலும் ஒரே நேரத்தில் கமாண்ட் ஓட்டுவதில் இல்லை. பிடிஎஸ்எச்சின் வெளியீட்டை டிஎஸ்எச்பேக் கமாண்டுக்குள் சி ஆப்ஷனோடு அனுப்பினால், அல்லது கிளஷ்ஷை பி ஆப்ஷனோடு ஓட்டினால், ஒரே பதில் தந்த நோட்களை எல்லாம் ஒரு தலைப்பின் கீழ் தொகுத்துக் காட்டும். நாற்பது நோடில் 39 ஒரு குழுவாகவும் ஒன்று தனியாகவும் வந்து நிற்கும்போது கண்ணுக்கு வேலையே இல்லை. நான் கேட்டால் எந்த ஆடம்பரக் கருவியும் வாங்குவதற்கு முன் இதை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சேகரிக்கும்போது மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, லோக்கேல், அதாவது மொழி மற்றும் எழுத்து செட்டிங். சார்ட் கமாண்ட் லோக்கேலைப் பொறுத்து வரிசையை மாற்றும். ஒரு நோடில் லோக்கேல் சி, இன்னொன்றில் யுடிஎஃப்-8 என்றால் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தும் டிஃப் முழுக்கச் சிவப்பாக வரும். எல்லா இடத்திலும் எல்சி-ஆல் மாறியை சி என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது, அனுமதி. ரூட்டுக்கு மட்டும் படிக்க முடிகிற ஃபைலை சாதாரண யூசராகப் படிக்கப் போனால் பிழைச் செய்தி ஒரு பக்கம் போய்விடும், ஹாஷ் கமாண்டுக்குள் வெறுமைதான் போகும், எல்லா நோடிலும் ஒரே ஹாஷ் வரும், நீங்களும் எல்லாம் சரி என்று டிக் போட்டுவிடுவீர்கள். வெற்று உள்ளீட்டின் எஸ்எச்ஏ-256 மதிப்பு ஈ3பி0சி442 என்று ஆரம்பிக்கும். அந்த ஆரம்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதை ரிப்போர்ட்டில் பார்த்தால் நீங்கள் ஒப்பிட்டது ஒன்றுமில்லாததோடு ஒன்றுமில்லாததை.

மூன்றாவது, பதில் தராத நோட். எஸ்எஸ்எச் டைம்அவுட் ஆன நோட் ரிப்போர்ட்டில் சத்தமில்லாமல் காணாமல் போகக் கூடாது. எத்தனை நோட் எதிர்பார்த்தோம், எத்தனை வந்தது என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரியாகப் போடுங்கள். ஒதுங்கி நிற்கும் நோடில்தான் வேறுபாடும் இருக்கும்.

படி 3: ஃபைல் அளவில் ஒப்பிடுவது

இது சுலபம், சீக்கிரம் முடிந்துவிடும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ256சம் எடுத்து, நோட் வாரியாகத் தொகுத்து, வேறுபடுவதை மட்டும் டிஃப்பில் யூ ஆப்ஷனோடு பாருங்கள். ஸ்கிரிப்ட் எழுதும்போது டிஃப்பின் வெளியேறும் எண்ணைச் சரியாகக் கையாளுங்கள்: 0 என்றால் ஒன்று, 1 என்றால் வேறுபாடு, 2 என்றால் ஒப்பிடவே முடியவில்லை. 2 வரும்போது அதையும் ‘வேறுபாடு’ கணக்கில் போட்டுவிடும் ஸ்கிரிப்டுகள் ஏராளம்.

முழு டைரக்டரியை ஒப்பிட ஆர்சிங்க்கை ட்ரை-ரன் முறையில் ஓட்டலாம், எதையும் மாற்றாமல் என்னென்ன வேறு என்று மட்டும் சொல்லும். ஆனால் செக்சம் ஆப்ஷனைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கும், அளவும் நேரமும் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மாறிய ஃபைல் தப்பித்துவிடும்.

இருக்கிற ஃபைல்களை மட்டும் ஒப்பிட்டால் போதாது, இருக்கக் கூடாத ஃபைலையும் தேடுங்கள். டெபியனில் என்ஜின்எக்ஸ், சைட்ஸ்-எனேபிள்ட் டைரக்டரியில் இருக்கும் எல்லா ஃபைலையும் படிக்கிறது, பெயர் எதில் முடிந்தாலும் சரி. யாரோ அவசரத்தில் எடுத்துவைத்த பேக்கப் நகலும் உயிரோடு லோட் ஆகும். கான்ஃப்-டி டைரக்டரியிலோ கான்ஃப் என்று முடியும் ஃபைல்கள் மட்டும். ஆகவே ஒவ்வொரு நோடிலும் ஃபைல் பெயர்ப் பட்டியலையே ஒரு கான்ஃபிக்காக நினைத்து ஒப்பிடுங்கள்.

அப்புறம், உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் ஓனர், பெர்மிஷன், சிம்லிங்க் எங்கே போகிறது, எஸ்இலினக்ஸ் கான்டெக்ஸ்ட் இவை வேறாக இருக்கலாம். ஸ்டாட் வெளியீட்டையும் சேர்த்து எடுங்கள். டிஃப்பில் இரண்டு வரியும் கண்ணுக்கு அச்சு அசலாக இருந்தும் வேறு என்று வந்தால், ஒரு பக்கம் விண்டோஸ் வரி முடிவோ, வரிக் கடைசியில் இடைவெளியோ, ஃபைல் தொடக்கத்தில் பிஓஎம் எழுத்தோ ஒட்டியிருக்கும்; கேட் கமாண்டைக் கேப்பிடல் ஏ ஆப்ஷனோடு ஓட்டினால் அநேகமாகத் தெரிந்துவிடும். ஜேசன் ஃபைல்களை நேராக ஒப்பிடாமல் ஜேக்யூவில் கேப்பிடல் எஸ் ஆப்ஷன் போட்டு கீக்களை வரிசைப்படுத்திய பிறகு ஒப்பிட்டால் வெட்டி வேறுபாடுகள் போய்விடும்.

பாஸ்வேர்ட், கீ இருக்கும் ஃபைல்களை ஒருபோதும் சேகரித்துக் கொண்டுவராதீர்கள், டிஃப் வெளியீடு சாட்டிலும் டிக்கெட்டிலும் ஒட்டப்படும். நோடிலேயே ஹாஷ் எடுத்து அதை மட்டும் கொண்டுவாருங்கள். சிறிய பாஸ்வேர்டை வெறும் ஹாஷிலிருந்து ஊகித்துவிட முடியும் என்பதால், ரகசியச் சாவியோடு எடுக்கும் எச்மேக் இன்னும் நல்லது.

படி 4: சேர்த்துப் படித்த பிறகு என்ன நிற்கிறது

இன்றைக்கு எந்த சர்வீஸும் ஒரே ஃபைலில் கான்ஃபிக் வைப்பதில்லை. மெயின் ஃபைல், அதற்குள் இன்க்ளூட், கான்ஃப்-டி டைரக்டரி, சூழல் மாறி, கமாண்ட் லைன், அதற்கும் கீழே பேக்கேஜோடு வந்த டீஃபால்ட். எது எதை மிஞ்சும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. கெர்னல் செட்டிங்குகளை வைக்கும் சிஸ்கண்ட்ரோல் ஃபைல்களில் ஈடிசி, ரன், யுஎஸ்ஆர்-லிப் என்று எந்த டைரக்டரியில் இருந்தாலும் பெயர் வரிசையில் படிக்கப்பட்டு கடைசியாக வந்த மதிப்பு ஜெயிக்கும். எஸ்எஸ்எச்டியில் அப்படியே தலைகீழ், முதலில் கிடைத்த மதிப்புதான் நிற்கும். இதைத் தெரியாமல், ரூட் லாகினை மூடும் வரியை ஃபைலின் அடியில் சேர்த்துவிட்டு, மேலே இன்க்ளூட் செய்யப்பட்ட ஃபைலில் அது திறந்தே இருப்பதைக் கவனிக்காமல் விடுவது சர்வ சாதாரணம்.

நல்ல வேளையாக, ‘எல்லாம் சேர்ந்து கடைசியில் என்ன’ என்று கேட்டால் பெரும்பாலான சர்வீஸ்கள் சொல்லிவிடும்:

- எஸ்எஸ்எச்டி: கேப்பிடல் டி ஆப்ஷன். மேட்ச் பிளாக் இருந்தால் சி ஆப்ஷனைக் கேப்பிடலாகப் போட்டு யூசர், முகவரி விவரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பொதுவான மதிப்பு மட்டும்தான் வரும்.
- என்ஜின்எக்ஸ்: இங்கேயும் கேப்பிடல் டி. எல்லா இன்க்ளூட் ஃபைல்களையும் கொட்டிவிடும்.
- போஸ்ட்ஃபிக்ஸ்: போஸ்ட்கான்ஃப், என் ஆப்ஷனோடு, மெயின் ஃபைலில் வெளிப்படையாக எழுதியவை மட்டும்.
- சிஸ்டம்டி: சிஸ்டம்சிடிஎல் கேட் ஒரு யூனிட்டையும் (சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் ஃபைல்) அதன் மேல் திருத்தமாகப் போட்ட ட்ராப்-இன்களையும் சேர்த்துக் காட்டும், சிஸ்டம்டி-டெல்டா எந்த நோடில் எதை ஓவர்ரைட் செய்திருக்கிறார்கள் என்று மொத்தமாகச் சொல்லும்.

சிஸ்டம்டி-டெல்டாவை எல்லா நோடிலும் ஓட்டித் தொகுத்துப் பாருங்கள். எப்போதோ நடுராத்திரியில் ஒரு நோடில் மட்டும் போட்டு மறந்த ட்ராப்-இன் அநேகமாக அங்கேதான் கிடைக்கும்.

இந்தப் படியின் எல்லை ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்எஸ்எச்டியும் என்ஜின்எக்ஸும் மேலே சொன்ன ஆப்ஷன்களில் டிஸ்க்கைத்தான் புதிதாகப் படித்துச் சொல்கின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸைக் கேட்டுச் சொல்வதில்லை.

படி 5: இந்த நிமிடம் எதில் ஓடுகிறது

இதுதான் வழிகாட்டியின் மையம், நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

என்ஜின்எக்ஸையே எடுத்துக்கொள்வோம். ரீலோட் சொன்னதும் புதிய கான்ஃபிக்கைச் சரிபார்க்கும், அதில் பிழை இருந்தால் எரர் லாகில் எழுதிவிட்டு பழையதிலேயே தொடர்ந்து ஓடும். சேவை நிற்காது என்பதால் நல்ல நடத்தைதான், ஆனால் ஒரு நோடில் மட்டும் சர்டிஃபிகேட் ஃபைல் இல்லாமல் ரீலோட் தோற்றிருந்தால், எல்லா நோடிலும் ஃபைல் ஹாஷ் அச்சு அசலாக இருக்கும், படி 4 தரும் கொட்டல்கூட ஒன்றாக இருக்கலாம், ஓடுவது மட்டும் வேறு. கண்டுபிடிக்க எளிய வழி: கான்ஃபிக் ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் வொர்க்கர் ப்ராசஸ் தொடங்கிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஃபைல் புதிது, வொர்க்கர் பழையது என்றால் அந்த நோடைச் சந்தேகப்படுங்கள். ரீலோட்டின்போது புது ப்ராசஸ் தொடங்கும் எந்த சர்வீஸுக்கும் இந்தச் சோதனை பொருந்தும், எழுதப் பத்து வரி கூடத் தேவைப்படாது.

டேட்டாபேஸ்களில் ஓடும் மதிப்பை நேராகவே கேட்கலாம். போஸ்ட்கிரெஸில் பிஜி-செட்டிங்ஸ் வியூவில் பெயர், மதிப்பு, அது எங்கிருந்து வந்தது எல்லாம் இருக்கும். அதிலேயே பெண்டிங்-ரீஸ்டார்ட் என்று ஒரு நெடுவரிசை உண்டு, 9.5ஆம் பதிப்பிலிருந்து, அது ட்ரூ என்றால் ஃபைலில் மாற்றியாகிவிட்டது, ரீஸ்டார்ட் இன்னும் ஆகவில்லை. ஆல்ட்டர் சிஸ்டம் கொடுத்து மாற்றியவை தனியாக ஆட்டோ கான்ஃப் ஃபைலில் போய் உட்காரும், அது உங்கள் மெயின் ஃபைலை மிஞ்சும். ஆல்ட்டர் ரோல் மூலம் யூசருக்கென்று வைத்த மதிப்புகளும் செஷனில் தெரியும் என்பதால் எல்லா நோடிலும் ஒரே யூசராக நுழைந்து கேளுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் ஷோ குளோபல் வேரியபிள்ஸ். இங்கே செட் குளோபல் கொடுத்தது ரீஸ்டார்ட் வரைக்கும்தான் நிற்கும், 8.0இல் வந்த செட் பெர்சிஸ்ட் கொடுத்தது தனி ஃபைலில் எழுதப்பட்டு நிலைக்கும். ஒரு நோடில் குளோபல், மற்றதில் பெர்சிஸ்ட் என்று கொடுத்திருந்தால் இன்றைக்கு டிஃப் சுத்தமாக இருக்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் பிரிவார்கள். அதனால் ஓடுவதையும் ஃபைலையும் இரண்டையும் ஒப்பிட வேண்டும். பெர்கோனா டூல்கிட்டில் உள்ள பிடி-கான்ஃபிக்-டிஃப் ஃபைலுக்கும் ஓடும் சர்வருக்கும் இடையில், அல்லது இரண்டு சர்வர்களுக்கு இடையில் இதைச் செய்து தரும்.

இப்படிக் கேட்க வசதியில்லாத சர்வீஸ் என்றால் கெர்னலிடம் கேளுங்கள். ப்ராக் டைரக்டரியில் ப்ராசஸ் எண்ணுக்குள் போனால் லிமிட்ஸ் ஃபைலில் உண்மையான யுலிமிட் மதிப்புகள் (ஒரு ப்ராசஸ் எத்தனை ஃபைல் திறக்கலாம் போன்ற வரம்புகள்), சிஎம்டிலைனில் எந்த ஆர்க்யுமெண்டோடு தொடங்கியது, என்விரானில் தொடங்கும்போது இருந்த சூழல் மாறிகள். நீங்கள் லாகின் செய்து யுலிமிட் அடித்துப் பார்ப்பது உங்கள் ஷெல்லின் கதை, சர்வீஸின் கதை இல்லை. சிஸ்டம்டி வழியாகத் தொடங்கும் சர்வீஸ், செக்யூரிட்டி லிமிட்ஸ் கான்ஃப் ஃபைலைப் பார்ப்பதே இல்லை. அதற்கு யூனிட் ஃபைலில் உள்ள லிமிட் வரிகள்தான்.

கெர்னல் மதிப்புகளுக்கு சிஸ்கண்ட்ரோல் ஏ ஆப்ஷன். இரைச்சல் அதிகம் வரும். பூட் ஐடி, ரேண்டம் யுயுஐடி, ஃபைல்-என்ஆர், டென்ட்ரி-ஸ்டேட் போன்றவை நொடிக்கு நொடியோ பூட்டுக்கு பூட்டோ மாறும் எண்கள், அவற்றை வடிகட்டுங்கள். மின்-ஃப்ரீ-கேபைட்ஸ், த்ரெட்ஸ்-மேக்ஸ், டிசிபி-மெம் போன்றவை நினைவக அளவை வைத்துக் கெர்னலே கணக்கிடுபவை, ஒரு நோடில் ரேம் கூடுதல் என்றால் மாறித்தான் வரும். இதில் ஒரு சின்ன லாபமும் உண்டு: ஒரே மாதிரி வன்பொருள் என்று நீங்கள் நம்பியிருக்கும் இரண்டு நோடில் இந்த எண்கள் வேறாக வந்தால், ஒரு மெமரி மாட்யூல் வேலை செய்யாமல் கிடக்கிறதா என்று பாருங்கள்.

சர்டிஃபிகேட்டையும் இப்படியே. ஃபைலைப் பார்க்காதீர்கள், லோட் பேலன்சரைத் தாண்டி ஒவ்வொரு நோடின் போர்ட்டுக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையண்ட் மூலம் நேராக இணைந்து, அது நீட்டும் சர்டிஃபிகேட்டின் ஃபிங்கர்பிரின்டையும் காலாவதித் தேதியையும் எடுங்கள். புதுப்பித்த பிறகு ரீலோட் ஆகாத நோட் உடனே மாட்டிக்கொள்ளும்.

படி 6: அடித்தளம்

கான்ஃபிக் எல்லாம் ஒன்று, ஆனாலும் நடத்தை வேறு என்றால் கீழே இறங்குங்கள். பேக்கேஜ் பட்டியல், ஓடும் கெர்னல் பதிப்பு (நிறுவிய கெர்னல் வேறு, ரீபூட் ஆகாததால் ஓடுவது வேறாக இருக்கும்), டைம்சோன், டிஎன்எஸ் ரிசால்வர், ஹோஸ்ட்ஸ் ஃபைல், மவுண்ட் ஆப்ஷன்கள். இவற்றை வரிசைப்படுத்தித் தொகுத்தால் போதும், நீட்ட வேண்டியதில்லை. ஆர்பிஎம் குடும்பத்தில் ஆர்பிஎம் கேப்பிடல் வி ஏ, டெபியன் குடும்பத்தில் டிபிகேஜி வெரிஃபை, பேக்கேஜோடு வந்த ஃபைல்களில் எதை யார் மாற்றியிருக்கிறார்கள் என்று காட்டும்.

மூன்று விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில், 2018இல், எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் பெரிய அளவில் மாறின. போஸ்ட்கிரெஸ் ப்ரைமரி பழைய இயங்குதளத்திலும் ரெப்ளிகா புதியதிலும் இருந்தால், ப்ரைமரியில் கட்டிய டெக்ஸ்ட் இண்டெக்ஸ் ரெப்ளிகாவின் வரிசை விதிக்குப் பொருந்தாமல், இருக்கும் வரியையே ‘இல்லை’ என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக்கை எத்தனை தரம் ஒப்பிட்டாலும் இது தெரியாது.

இரண்டாவது எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு. வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய ஜம்போ ஃபிரேம் வைத்திருக்கும் கிளஸ்டரில் ஒரு நோடிலோ நடுவில் ஒரு சுவிட்ச் போர்ட்டிலோ மட்டும் 1500 என்று இருந்தால், சின்னச் செய்திகள் எல்லாம் போகும், பெரிய டேட்டா மட்டும் தொங்கும். ஃபிராக்மெண்ட் செய்யக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் பிங் அடித்துப் பாருங்கள், 28 பைட் ஹெடரோடு சேர்ந்து அது 9000. எல்லா ஜோடி நோட்களுக்கும் இடையில் அடிக்க வேண்டும், ஒரே நோடிலிருந்து மட்டும் அடித்தால் பல பாதைகள் சோதிக்கப்படாது.

மூன்றாவது நேரம். கடிகாரத்தை ஒத்திசைக்கும் க்ரோனி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், க்ரோனிசி ட்ராக்கிங் கொடுத்து எந்த மூலத்தோடு ஒத்திசைகிறது, எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்களை ஒப்பிடுங்கள்.

படி 7: வேறுபாடு கிடைத்தது, யார் சரி?

ஏழு நோட் ஒரு பக்கம், ஒன்று மறு பக்கம் என்றால் ஒற்றை நோட்தான் குற்றவாளி என்று கை போகும். பெரும்பான்மை என்பது ஆதாரம் இல்லை. போன வாரம் ஒரு பிரச்சினைக்கு அந்த ஒற்றை நோடில் யாரோ சரியான திருத்தத்தைப் போட்டுவிட்டு மற்றதில் போட மறந்திருக்கலாம். அதை ‘சரிசெய்தால்’ மொத்தக் கிளஸ்டரும் பழைய நோய்க்குத் திரும்பும்.

நைட் கேப்பிடல் விஷயத்தில் மிச்சம் வைத்தது இதுதான். சிக்கல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, காரணம் புதிய கோடு என்று நினைத்து, சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பழைய கோடு உயிர்பெற்று நிலைமை இன்னும் மோசமானது. எது வேறு என்று தெரியாமலேயே சமன் செய்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே நோட்களை ஒன்றோடு ஒன்று மட்டும் ஒப்பிடாதீர்கள், ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று கிட்டில் (Git, மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) எழுதி வைத்த ஒரு மூலத்தோடு ஒப்பிடுங்கள். எல்லா நோடும் ஒன்றுபோலத் தவறாக இருக்கும் நிலையையும் அதுதான் பிடிக்கும். அப்படி ஒரு மூலம் இன்னும் இல்லையென்றால், ஈடிசி-கீப்பரை நிறுவி ஈடிசி டைரக்டரியை ஒவ்வொரு நோடிலும் கிட்டுக்குள் கொண்டுவாருங்கள். குறைந்தபட்சம் எப்போது மாறியது என்று தெரியும், யார் என்று கேட்க அது போதும்.

திருத்தும்போது வரிசை இது: நோடை லோட் பேலன்சரிலிருந்து இறக்குங்கள், மூலத்தைத் திருத்தி அங்கிருந்து நோடுக்கு அனுப்புங்கள், ரீலோட் அல்லது ரீஸ்டார்ட், படி 5 சோதனையை மறுபடி ஓட்டுங்கள், சுத்தமாக வந்தால் மட்டும் திரும்ப ஏற்றுங்கள். நோடில் நேராகக் கை வைத்தால் அடுத்த தானியங்கி ஓட்டத்தில் அது அழிந்துவிடும்.

படி 8: கையால் செய்ததைத் தானாக ஓட விடுவது

சர்வர்களின் கான்ஃபிக்கை மொத்தமாக நிர்வகிக்கும் ஆன்சிபிள் வைத்திருந்தால் செக், டிஃப் இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்துத் தினமும் ஓட்டுங்கள். பப்பெட்டில் நூப், சால்ட்டில் டெஸ்ட் ட்ரூ இதே வேலைக்கு. ஆனால் இவற்றின் ‘மாற்றம் இல்லை’ என்ற பதிலை அப்படியே நம்ப வேண்டாம். ஆன்சிபிளின் செக் முறையில் ஷெல், கமாண்ட் டாஸ்க்குகள் பொதுவாக ஓடாமல் தாண்டப்படும். அதைவிட முக்கியமாக, ப்ளேபுக்கில் எழுதாத எதைப் பற்றியும் அதற்குத் தெரியாது: யாரோ கூடுதலாகப் போட்ட ட்ராப்-இன் ஃபைல், கையால் மாற்றிய சிஸ்கண்ட்ரோல், ரீலோட் ஆகாத ப்ராசஸ். அதனால்தான் படி 3 முதல் 6 வரை எழுதிய உங்கள் ஸ்கிரிப்டுகளைத் தூக்கிப் போடாமல் கூடவே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சர்வர்களின் அளவீடுகளைச் சேகரிக்கும் ப்ரோமீதியஸ் இருந்தால் இன்னும் அழகான வழி உண்டு. ஒவ்வொரு நோடும் தன் கான்ஃபிக் ஹாஷை ஒரு எண்ணாக வெளியிட வேண்டியது, ஒரே ரோலில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் என்று எண்ண வேண்டியது, ஒன்றுக்கு மேல் போய் சில நிமிடம் நீடித்தால் அலர்ட். அலர்ட்மேனேஜர் தன் கிளஸ்டருக்கு இதையே செய்கிறது, அதன் மெட்ரிக்குகளில் கான்ஃபிக் ஹாஷ் என்றே ஒன்று இருக்கிறது. உங்கள் சொந்த சர்வீஸ் என்றால் தொடங்கும்போதும் ரீலோட் ஆகும்போதும் மெமரியில் உள்ள கான்ஃபிக்கின் ஹாஷைக் கணக்கிட்டு வெளியிடச் சொல்லுங்கள். அது ஃபைலின் ஹாஷ் இல்லை, ஓடுவதன் ஹாஷ், வேறு எந்தச் சோதனையையும்விட நம்பகமானது. ‘சில நிமிடம்’ என்ற நிபந்தனையை மறக்காதீர்கள், ரோலிங் அப்டேட் (நோட் நோடாகப் புதுப்பிப்பது) நடக்கும்போது வேறுபாடு இருப்பது இயல்பு.

தெரிந்தே விட்ட வேறுபாடுகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் தேவைப்படும். ஒவ்வொரு விலக்குக்கும் காரணம், போட்டவர், முடியும் தேதி மூன்றும் கட்டாயம். தேதி இல்லாத விலக்கை ஸ்கிரிப்டே நிராகரிக்கட்டும், பட்டியல் ஊதிப்போகாமல் இருக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

எப்போது ஓட்டுவது? தினம் ஒரு முறை, ஒவ்வொரு டெப்ளாய்மெண்டுக்குப் பிறகும், அப்புறம் ஒவ்வொரு புது நோடும் டிராஃபிக் வாங்குவதற்கு முன்னும். கடைசியாகச் சொன்னது தானாகக் கூடிக் குறையும் கிளஸ்டர்களில் முக்கியம், ஏனென்றால் அங்கே புது நோட் மூன்று மாதப் பழைய இமேஜிலிருந்து எழுந்து வரக்கூடும்.

எல்லாம் முடித்த பிறகு, சோதனைக் கிளஸ்டரில் ஒரு நோடை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரு சிஸ்கண்ட்ரோல் மதிப்பை மாற்றுங்கள், ஒரு கூடுதல் ட்ராப்-இன் போடுங்கள், ஃபைலை மாற்றிவிட்டு ரீலோட் செய்யாமல் விடுங்கள், ஒரு ஃபைலின் பெர்மிஷனை மட்டும் மாற்றுங்கள், ஒரு நோடின் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். ஐந்துக்கும் தனித்தனியாக அலர்ட் வந்ததா என்று பாருங்கள். எதற்கு வரவில்லையோ, அந்தப் படிக்குத் திரும்பிப் போய் ஸ்கிரிப்டைத் திருத்துங்கள்.